கோத்தகிரி சரிவில் ஒரு பாக்ஸ்டர்: ஆயிலை நாமே மாற்றலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். 2007 மாடல் போர்ஷே பாக்ஸ்டர், 2.7 லிட்டர், மேனுவல் கியர், 58,000 கிலோமீட்டர் ஓடியது, செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. வீடு அரவேணு பக்கம், தேயிலைக் காட்டை ஒட்டிய சரிவில். ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் மலை இறங்கி வெளியூர் போக முடியவில்லை, நானே மாற்றலாமா என்பது முதல் கேள்வி. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை குப்பென்று வருகிறது, பக்கத்து மெக்கானிக் "ரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்கிறார், அது நிஜமா என்பது இரண்டாவது.

மாற்றலாம். ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றி ஆயிலை மேலே விடாமல் தடுக்கிற வளையம், போயிருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு கேள்விக்கும் நடுவில் கிடப்பது உங்கள் வீட்டு முற்றம். அதனால் ஆயிலை விட்டுவிட்டு முற்றத்தில் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியின் எஞ்சின் ரூமில் பதினெட்டு வருஷம், அதற்கப்புறம் சொந்த ஒர்க்ஷாப். உங்கள் வகைக் காரில் கை வைத்தது நாலைந்துதான். ஆனால் அதில் ஒன்று ஒன்பது வருஷமாக என்னிடமே வந்து போகிறது. அதன் வயிற்றை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

புகையை முதலில் முடித்துவிடுவோம். சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்கும். எஞ்சினை அணைத்ததும் ஆயில் தன் பாட்டுக்கு வழிந்து கீழே சம்ப் என்கிற ஆயில் தொட்டியில் சேர்ந்துவிடும். உங்கள் காரில் ஆறு சிலிண்டரும் படுத்துக் கிடக்கின்றன, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. எதிரெதிரே நின்று குத்துச்சண்டை போடுகிற மாதிரி பிஸ்டன்கள் போய் வருவதால் அதற்கு பாக்ஸர் எஞ்சின் என்று பெயர். அதையும் ரோட்ஸ்டரையும் ஒட்டிப்போட்டதுதான் பாக்ஸ்டர். படுத்த சிலிண்டரின் சுவரில் கொஞ்சம் ஆயில் எப்போதும் தங்கும். கார் பக்கவாட்டில் சாய்ந்து நின்றால், தாழ்ந்த பக்கத்து மூன்று சிலிண்டரிலும் அந்த ஆயில் ராத்திரி முழுக்க ரிங் இடுக்கு வழியாக ஊர்ந்து எரியறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் நீங்கள் சாவியைத் திருப்பியதும் அது எரிகிறது. அரை நிமிஷம் நீலப் புகை, அப்புறம் ஒன்றுமில்லை. நீங்கள் எழுதியிருப்பதும் அதே கதைதான்.

உறுதி செய்ய ஒரு பைசா செலவில்லை. தொடர்ந்து மூன்று நாள் ராத்திரி காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். புகை காணாமல் போனால் மெக்கானிக்குக் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். எஞ்சின் சூடான பிறகும் புகைந்தால், அல்லது மேட்டுப்பாளையம் ரோட்டில் தாழ்ந்த கியரில் நீண்ட இறக்கம் இறங்கிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒவ்வொரு முறையும் நீலமாக வந்தால், அப்போது ரிங்கைச் சந்தேகிக்கலாம். வெள்ளையாக, கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியே தெரியாத அளவுக்கு மேகம் கிளம்பினால் அது ரிங் அல்ல, எஞ்சினுக்குள்ளிருந்து வரும் காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கிற ஏர்-ஆயில் செபரேட்டர் என்கிற பகுதி கிழிந்திருக்கிறது. அப்படி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள், ஓட்டிப் பார்க்கிறேன் என்று போகாதீர்கள். ஆயில் நேராகக் காற்று வழியில் உறிஞ்சப்பட்டு எஞ்சினையே முறித்துவிடும்.

இப்போது முற்றம். "ஓரளவு சமமாகத்தான் இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். மலையில் கண்ணை நம்பக் கூடாது தம்பி. சுற்றிலும் எல்லாமே சரிந்து கிடக்கும்போது, கொஞ்சமாகச் சரிந்த இடம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும். உங்கள் ஊரில் வீடு கட்டுகிற எந்தக் கொத்தனாரிடமும் டியூப் லெவல் இருக்கும். ஆறேழு மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு துளி நீல மை கலந்தால் நன்றாகத் தெரியும். ஒரு முனையை முன் சக்கரத்துப் பக்கம் நிறுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், இன்னொரு முனை உங்கள் கையில் பின் சக்கரத்துப் பக்கம். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது, இருந்தால் அளவு பொய். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அங்கிருந்து தரை வரை டேப்பால் அளந்து கழித்தால் சரிவு கையில் வந்துவிடும்.

பாக்ஸ்டரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,415 மில்லிமீட்டர். இருபதுக்கு ஒன்று என்கிற சரிவு நடக்கும்போது காலுக்கே தெரியாது. ஆனால் அந்தச் சரிவில் உங்கள் காரின் ஒரு முனை இன்னொன்றைவிட 12 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். மலை ரயிலின் பல்சக்கரப் பாதையே ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஒரு அடிதான் ஏறுகிறது, அதைப் பார்க்கத்தான் உலகமே குன்னூர் வருகிறது. என் வாடிக்கையாளர் ஒருவர் சத்தியம் செய்து சமம் என்று சொன்ன போர்டிகோவில் டியூப் பிடித்துப் பார்த்தேன். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் ஒன்பது சென்டிமீட்டர் வித்தியாசம்.

இதில் எனக்கென்ன கவலை என்றால், உங்கள் காரில் டிப்ஸ்டிக் கிடையாது. இதற்கு முந்தைய பாக்ஸ்டரில் இருந்தது, உங்கள் தலைமுறையில் எடுத்துவிட்டார்கள். ஆயில் மட்டத்தை சென்சார் பார்த்து டாஷ்போர்டில் பட்டைகளாகக் காட்டும். சரிவில் நின்றால் ஆயில் சென்சாரை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கும், திரை "குறைவு" என்று சொல்லும். நீங்கள் பதறி ஒரு லிட்டர் ஊற்றுவீர்கள். மறுநாளும் குறைவு என்று சொல்லும். இப்படி இரண்டு முறை ஊற்றினால், அதிகப்படி ஆயில் செபரேட்டர் வழியாகக் காற்றுக் குழாய்க்குள் போய் எரிந்து, அதுவும் புகையாக வரும். இந்த ஆறு மாதத்தில் மேல் ஆயில் ஏதாவது ஊற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். குறைந்த ஆயில் எவ்வளவு கெடுதலோ, இந்த எஞ்சினுக்குக் கூடுதல் ஆயிலும் அவ்வளவு கெடுதல்.

அப்படியானால் எங்கே வைத்து வேலை செய்வது? வீல் அலைன்மென்ட் செய்கிற கடை. அங்கே கார் ஏறி நிற்கிற தட்டு சமமாக இல்லாவிட்டால் அவர்கள் தொழிலே நடக்காது. இந்த மலையில் தெப்பக்குளத்துத் தண்ணீருக்கு அடுத்தபடியாக மட்டமாக இருப்பது அதுதான் என்று நான் சொல்வதுண்டு. குன்னூரிலும் ஊட்டியிலும் இருக்கிறது. கூட்டமில்லாத வார நாள் மதியம் போய், "ஒரு மணி நேரம் லிஃப்ட் வேண்டும், ஆயிலை நானே மாற்றிக்கொள்கிறேன், வாடகை தருகிறேன்" என்று நேராகக் கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் டீ வாங்கித் தருவார்கள், கடைசியில் நாலு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். காரின் மூக்கு தாழ்வு, ஏறும் இடத்தில் தட்டும். இரண்டு பலகை கையோடு கொண்டு போங்கள்.

வீட்டிலேயேதான் செய்வேன் என்றால், கார் நிற்கிற அளவுக்கு ஒரு சிமெண்ட் தளத்தை டியூப் பிடித்துச் சமமாகப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். அதுவரை வேண்டாம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இது பின் சக்கரம் இழுக்கும் கார், ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரத்தில்தான் பிடிக்கும். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிய அந்த நொடியிலிருந்து கியரும் பிடிக்காது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. தரையில் இருக்கிற முன் சக்கரம் இரண்டும் சும்மா உருளக் காத்திருக்கும் சக்கரங்கள். சரிவில் இது எப்படி முடியும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சமதளமாக இருந்தாலும் முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட வேண்டும். அடியில் போவதற்கு ஆக்சில் ஸ்டாண்டு நான்கு கட்டாயம். ஹாலோ பிளாக், செங்கல், அடுக்கிய டயர் எதுவும் உதவாது. ஹாலோ பிளாக் விரிசல் விட்டுச் சொல்லிக்கொண்டு போகாது, ஒரே அடியாக நொறுங்கும். ஜாக்கி வைப்பதற்கென்று பக்கவாட்டு அடிவிளிம்பில் நான்கு இடம் தடித்த தகடு கொடுத்திருக்கிறார்கள், அங்கே மட்டும் வையுங்கள், நடுவில் ரப்பர் துண்டு. நான்கு மூலையும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்தால் பழைய ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி உள்ளேயே தங்கிவிடும்.

முற்றத்தில் தாழ்ந்த பக்கச் சக்கரங்களின் கீழே கற்பூர மரப் பலகை போட்டு மட்டம் செய்வது ராத்திரி நிறுத்துவதற்கும், ஆயில் மட்டம் பார்ப்பதற்கும் சரி. அடியில் படுப்பதற்குச் சரியல்ல.

எந்த ஆயில் என்று கேட்டீர்கள். கேனின் பின்பக்கம் "போர்ஷே ஏ40" என்று அங்கீகாரம் அச்சிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. மொபில் 1 0டபிள்யூ-40 அதில் ஒன்று, நான் ஊற்றுவதும் அதுதான். ஏ40 அங்கீகாரமுள்ள 5டபிள்யூ-40யும் ஊற்றலாம். ஊட்டிக் குளிருக்கு 0டபிள்யூதான் வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். 0டபிள்யூ ஆயிலைக் குளிரில் சோதிப்பது மைனஸ் 35 டிகிரியில், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30இல். தலைக்குந்தாவில் ஜனவரிக் காலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடந்தாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். நம் குளிர் அந்த ஆயில்களுக்கு ஒரு குளிரே அல்ல. ஆனால் "மலை ஏறுகிற வண்டி, கெட்டியான ஆயில் ஊற்று" என்று 20டபிள்யூ-50 கேனை நீட்டுவார்கள் பாருங்கள், அதை மட்டும் வாங்காதீர்கள். உங்கள் எஞ்சினில் வால்வுகளுக்கு அடியில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் லிஃப்டர்கள். வால்வு நேரத்தை மாற்றுகிற வேரியோகேமும் ஆயில் அழுத்தத்தில்தான் ஓடுகிறது. காலைக் குளிரில் இவற்றுக்கு ஆயில் ஓடிப்போய்ச் சேர வேண்டும், நடந்துபோய் அல்ல. ஏற்றத்தில் சூடாகும்போது தாங்குவது பின்னால் இருக்கிற 40 என்ற எண். அது போதும்.

பில் இல்லாமல் ஆயில் வாங்க வேண்டாம். விலை உயர்ந்த ஆயில் என்றாலே டூப்ளிகேட் உண்டு. காலி கேன்களைப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்குகிறவர்கள் எதற்கு வாங்குகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

சுமாராக எட்டு லிட்டர் பிடிக்கும். ஒன்பது லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், மீதி டிக்கியில் இருக்கட்டும். கூடவே ஃபில்டர் ஒன்று. உங்களுடையது முழு டப்பாவாகத் திருகி எறிகிற ஃபில்டர் அல்ல, பிளாஸ்டிக் கப்புக்குள் உட்காரும் காகித ஃபில்டர். மாலே, மான் போன்ற கம்பெனிகள் செய்கின்றன, ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் பெட்டிக்குள்ளேயே வரும். ஆயிலை வடிக்கத் திறக்கிற ட்ரெயின் பிளக்குக்கு அலுமினிய வாஷர் ஒன்று, ஒவ்வொரு முறையும் புதிது. கருவிகளில் 8 மில்லிமீட்டர் அலன் சாக்கெட், கப்பைக் கழற்ற 74 மில்லிமீட்டர் கிண்ண ஸ்பேனர், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச். கோயம்புத்தூரில் எல்லாம் கிடைக்கும். கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர், ரேஸ் கார் வேலை தெரிந்தவர்களும் அங்கே உண்டு. திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கிலோ. அது இல்லாமல் ஆயில் வேலையில் இறங்கவே கூடாது.

ஆயில் பிடிக்கிற பாத்திரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதன்முதலாக இந்தக் காரில் ஆயில் மாற்றியபோது, வழக்கமாக மற்ற கார்களுக்கு வைக்கிற ட்ரேயை வைத்தேன். ஐந்து லிட்டர் பிடிக்கும். மாருதிக்கு அது தாராளம். பிளக்கைத் திறந்துவிட்டு எழுந்து போய் போனில் பேசிக்கொண்டிருந்தேன். எட்டு லிட்டர் எஞ்சின் என்று தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது ட்ரே நிரம்பி, கறுப்பாக ஒரு நாக்கு தரையில் நீண்டு, வாசற்படி இறங்கி, என் மனைவி வளர்த்த ஹைட்ரேஞ்சா பாத்தியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மரத்தூள் கொட்டி அள்ளினேன். அந்தப் பாத்தியின் ஓரத்தில் இரண்டு வருஷம் புல் முளைக்கவில்லை. இப்போது குழந்தையைக் குளிப்பாட்டுகிற அகலமான பிளாஸ்டிக் டப் வைக்கிறேன், பதினைந்து லிட்டர் தாங்கும்.

வேலைக்கு வருவோம். ஆயில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. பதினைந்து இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பின் டிக்கிக்குள் ஆயில் ஊற்றுகிற மூடி இருக்கிறது, அதை முதலில் திறந்து வையுங்கள். பக்கத்திலேயே கூலன்ட் மூடியும் இருக்கும். அதைத் தெரியாமல்கூடத் தொடாதீர்கள். ஆயில் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெண்ணெய் தடவிய மாதிரி வெளிர் மஞ்சளாக ஏதாவது ஒட்டியிருந்தால் அலற வேண்டாம். மழைக்கால மூட்டத்தில் வீட்டிலிருந்து கடைவீதி வரை மட்டும் ஓட்டுகிற கார்களில் இது சகஜம். எஞ்சின் சூடேறும் முன்பே அணைந்துவிடுவதால் உள்ளே வேர்க்கிற நீர் ஆவியாகிப் போக நேரமில்லை, ஆயிலோடு கலந்து நுரைக்கிறது. வாரம் ஒரு முறை மேட்டுப்பாளையம் இறங்கித் திரும்பி ஏறுங்கள். இறங்கும்போது சூடேறாது, ஏறும்போதுதான் ஏறும்.

அடியில் இரண்டு பிளக் இருக்கின்றன. ஒன்று எஞ்சின் சம்ப்பில், இன்னொன்று அதற்குப் பின்னால் கியர்பாக்ஸில். கியர் ஆயிலைக் கொட்டிவிட்டு எஞ்சினில் இரண்டு மடங்கு ஊற்றியவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் அலன் கீ பொருந்துகிறதா என்று பாருங்கள், ஃபில்டர் கப் தொங்குகிற பகுதியோடு சேர்த்துப் பாருங்கள், சந்தேகமிருந்தால் திறக்காதீர்கள். முதலில் பிளக்கின் குழிக்குள் அடைந்திருக்கிற மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்துவிட்டு, அலன் சாக்கெட்டை அடிவரை தட்டி உட்காரவைத்தபின் திருப்புங்கள். மேலோட்டமாக மாட்டித் திருப்பினால் மூலை மழுங்கிவிடும்.

கடைசிச் சுற்றைக் கையால் கழற்றும்போது பிளக்கை மேல்நோக்கி அழுத்தியபடியே திருப்பி, மரை விட்டதும் சட்டென்று பக்கவாட்டில் இழுங்கள். ஆயில் முதலில் ஒரு முழம் தள்ளிப் பாயும், அப்புறம் நூலாகும், அப்புறம் சொட்டும். அரை மணி நேரம் சொட்டட்டும். அவசரப்பட இங்கே ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில் ஃபில்டர் கப். அதற்குள்ளும் ஆயில் இருக்கும், நேராகப் பிடித்து இறக்குங்கள். காகித ஃபில்டரை எடுத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீங்களே ஆயில் மாற்றுவதில் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் பழைய ஃபில்டரை உங்களுக்காக யாரும் பிரித்துப் பார்க்கப்போவதில்லை.

ஃபேக்டரியில் எங்கள் ஃபோர்மேன் பழைய ரஸ்டன் டீசல் எஞ்சினின் ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்ப்பார், மோந்து பார்ப்பார், பிறகு விரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் சொன்ன பேரிங் அந்த வாரமே சத்தம் போடும். உங்கள் ஃபில்டரில் அதைவிட எளிதாகப் படிக்கலாம். கூர்மையான கத்தியால் காகித மடிப்புகளை மேலும் கீழும் வெட்டி, தோரணம் மாதிரி நீளமாகப் பிரித்தெடுங்கள். பனியன் துணிக்கு நடுவே வைத்துப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பாருங்கள். மசி இருக்கும், அது எல்லா எஞ்சினிலும் உண்டு. கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற ஒன்றிரண்டு மினுக்குகளும் பரவாயில்லை. பழுப்பாகவோ கறுப்பாகவோ பிளாஸ்டிக் துணுக்குகள் தெரிந்தால் டைமிங் செயின் உரசுகிற பட்டை தேய்கிறது. வெள்ளிப் பொடி தூவிய மாதிரி மினுங்கினால் ஒரு காந்தத்தை டிஷ்யூ காகிதத்தில் சுற்றி அதன்மேல் மெதுவாக ஓட்டுங்கள். ஒட்டாதது அலுமினியம். ஒட்டினால் எஃகு, அதாவது பேரிங், செயின், பல்சக்கரம் என்று ஏதோ ஒன்று.

பேரிங் என்றதும் உங்களுக்கு ஐ.எம்.எஸ். பயம் வந்திருக்கும். இந்த எஞ்சின் குடும்பத்தின் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங்கைப் பற்றி இணையத்தில் படித்தால் ராத்திரித் தூக்கம் போகும். உங்களுடைய 2007 எஞ்சினில் இருப்பது பிற்காலத்துப் பெரிய பேரிங். முந்தைய சிறிய பேரிங் அளவுக்கு இது தொல்லை கொடுத்ததில்லை. அதே சமயம் எஞ்சினை முழுக்கப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்கவும் முடியாது. ஆகவே செய்யக்கூடியது ஆயிலை அடிக்கடி மாற்றி, ஃபில்டரை ஒவ்வொரு முறையும் வெட்டிப் பார்ப்பது. கம்பெனி புத்தகம் இதைவிட நீண்ட இடைவெளி கொடுக்கும். நான் வருஷத்துக்கு ஒரு முறை, அல்லது 8,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது என்று வைத்திருக்கிறேன். உங்களைப் போல் குறைந்த தூரம் ஓட்டுகிறவர்களுக்கு எப்போதும் வருஷம்தான் முதலில் வரும். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது.

புது ஓ-ரிங்கில் விரலால் ஆயில் தடவி, கப்பைக் கையால் திருகி, 25 நியூட்டன் மீட்டர். பிளக்குக்குப் புது வாஷர் போட்டு 50 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதைச் சொல்வதானால், கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் இருபது கிலோ இழுப்பு, கப்புக்கு அதில் பாதி. ஆனால் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள். அந்த ஒன்பது வருஷக் காரைச் சமவெளியில் எங்கோ ஒரு இடத்தில் ஒரே ஒரு முறை சர்வீஸுக்கு விட்டார்கள். அங்கே பிளக்கைக் காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்கியிருக்கிறார்கள். சம்ப் அலுமினியம், பிளக் அதைத் தின்றுவிட்டது. அடுத்த முறை நான் கழற்றியபோது சம்ப்பின் மரை ஸ்பிரிங் மாதிரி சுருண்டு பிளக்கோடு கையில் வந்தது. சம்ப்பைக் கழற்றி, புது மரை உருளை பதித்து, நாலு நாள் வேலை.

ஊற்றும்போது முதலில் ஏழு லிட்டர் மட்டும். ஸ்டார்ட் செய்து ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் அடியில் டார்ச் அடித்து கப் ஓரமும் பிளக்கும் காய்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, எஞ்சினை நன்றாகச் சூடேற்றுங்கள். அப்புறம் சமதளத்தில் நிறுத்தி, அணைத்து, ஆயில் கீழே இறங்கச் சில நிமிஷம் கொடுத்து, சாவியை மட்டும் திருப்பித் திரையைப் படியுங்கள். கால் லிட்டர் கால் லிட்டராகச் சேர்த்து, உச்சிப் பட்டைக்கு ஒரு பட்டை கீழே நிறுத்திவிடுங்கள். நான் உச்சிவரை ஊற்றுவதே இல்லை. கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் நடுவே ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான் இடம், அரைக் கேன் அவசரத்தில் தாண்டிவிடும்.

கடைசியாக அந்த எட்டு லிட்டர் கறுப்பு ஆயில். சாக்கடையில் ஊற்றினால் அது ஓடைக்குப் போகும், குன்னூர் ஆற்றுப் பக்கம் என்றால் மேட்டுப்பாளையத்தில் பவானியில் போய்ச் சேரும், அங்கே ஊர்கள் குடிக்கின்றன. 2016 விதிகளின்படி பழைய எஞ்சின் ஆயில் அபாயக் கழிவு, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். தனி ஆளாக அவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. டிரம்மில் சேர்த்து முறையாகக் கொடுக்கிற பெரிய ஒர்க்ஷாப்பில் கேட்டால் வாங்கிக்கொள்வார்கள். உங்கள் பக்கம் வேலிக் கம்பத்துக்குக் கரையான் வராமல் பூசக் கேட்டு ஆட்கள் வருவார்கள், எனக்கும் வந்திருக்கிறார்கள். மழையில் கம்பத்திலிருந்து கழுவி அது தேயிலை வேருக்கும் ஊற்றுக்கும்தான் இறங்கும். கொடுக்காதீர்கள்.

புது ஆயில் வந்த கேன்களிலேயே புனலால் ஊற்றி மூடி வையுங்கள். மேலே மார்க்கரால் "பழையது" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். நான் எழுதாமல் வைத்த ஒரு கேனை என் மைத்துனன் புது மொபில் என்று நினைத்துத் தன் ஜீப்பில் ஊற்றி, ஊட்டி வரை போய் வந்துவிட்டான்.